முரளிக்குக் கேட்காத கீச்சு

நம் கடையின் கிடார் ஆம்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். ஒருவர் ட்யூப் ஆம்ப், அதாவது வால்வு வைத்த ஆம்ப், வாங்க வருகிறார். கூட வந்த நண்பர் ஒன்று சொல்கிறார், போனில் இருக்கும் நண்பர் வேறொன்று சொல்கிறார், இணையத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு. இத்தனைக்கும் நடுவில் கடைக்காரர்கள் நாம் என்ன சொல்வது? எனக்கு வழியனுப்பு விழா வைத்த அன்று கேக்கை வெட்டிக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பதில் இல்லை. இப்போது சாம்பியன் ரீப்ஸில் என் வீட்டில் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. கதவைத் தட்ட யாரும் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆம்ப் பிரிவுக்கு வந்தது தற்செயல். எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்ததால் கீபோர்டு விற்க என்னை எடுத்தார்கள். ஆம்ப் பிரிவில் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போக, முதலாளி என்னை அங்கே நிறுத்தினார். கிடார் வாங்க வருகிறவர்கள் புடவை கட்டிய என் தோளுக்கு மேலாகப் பார்ப்பார்கள். "சார் யாரும் இல்லியா?" என்பார்கள். நான் வருத்தப்பட்டதை விட அதில் கற்றுக்கொண்டது அதிகம். நம்மைப் பொருட்படுத்தாதவர்கள் நம் முன்னால் தங்களை மறைத்துக்கொள்வதும் இல்லை.

இந்த ஹை கெயின் வகை இருக்கிறதே, தந்தியை லேசாகத் தொட்டாலே உறுமுகிற வகை, அதை வாங்க வருகிறவர்கள் தனி இனம். அந்த உறுமலில் ஆளுக்கொரு மதம் வைத்திருப்பார்கள். அமெரிக்க உறுமல்தான் உறுமல் என்பார் ஒருவர். பிரிட்டிஷ்காரன் செய்ததைத் தவிர மற்றதெல்லாம் தகரம் என்பார் இன்னொருவர். இந்தக் காலத்தில் யார் வால்வு வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது, எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்பார் மூன்றாமவர். அவரவர் காதுக்கு அவரவர் சொல்வது சரி. அந்தச் சண்டையில் நடுவராக உட்காராதீர்கள்.

முரளி அப்படித்தான் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், எங்கள் ஊர்ப் பக்கம் கோரமண்டலில் வீடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை. பெங்களூர் பையன்களோடு சேர்ந்து ஒரு மெட்டல் பேண்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கடைக்கு வருவதற்கு முன்பே அவரை எனக்குத் தெரியும். கடை முடிந்து சாயங்கால மாரிக்குப்பம் ரயில் வண்டியில் நான் பெங்களூர் மெஜஸ்டிக்கில் ஏறி இடம் பிடிப்பேன். அவர் ஒயிட்ஃபீல்டில் ஏறுவார். என் பையைப் பக்கத்தில் போட்டு அவருக்கு ஓர் இடம் வைத்திருப்பேன். முதலில் முறைக்கு ஒரு வணக்கம், பிறகு பழக்கமாகிவிட்டது. அம்மா போன பிறகு, நாள் முழுக்க விலையும் வாட்டும் பேசாமல் நான் மனுஷியாகப் பேசியது அந்த வண்டியில், அவரோடு மட்டும்தான். பேசியது பெரும்பாலும் அவர். நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றைச் சொல்வார். தன் பாட்டை மட்டும் பாடுகிற ஆள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் அது ஒரு குரல். வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும் வரை காதில் இருக்கும்.

அவர்கள் பேண்டுக்கு ஒரு பெரிய மைதான நிகழ்ச்சியில் முதல் ஆளாக வாசிக்க வாய்ப்பு வந்தது. இரவல் ஆம்ப் போதாது, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முரளி முடிவு செய்தார். சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்தார். தனியாக வரமாட்டார். இன்னொரு கிடார்காரர் நவீன் கூட வருவார், டிரம்ஸ் வாசிக்கும் பிரஜ்வல் வருவார், துபாயில் இருக்கும் பழைய நண்பர் வீடியோ காலில் வருவார். நவீனுக்கு நூறு வாட் அமெரிக்கன்தான் வேண்டும். பிரஜ்வலுக்கு பிரிட்டிஷ். துபாய்க்காரர் இரண்டையும் பார்த்துச் சிரிப்பார். முரளி ஒவ்வொன்றிலும் வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "எப்டி கீது?" என்று கேட்பார். கேட்டுவிட்டு எல்லோருடைய முகத்தையும் பார்ப்பார்.

அந்தப் பார்வையில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வாங்க வருகிறவர்கள் ஒரு நல்ல ஆம்பில் வாசிக்கும்போது பெட்டியைப் பார்ப்பார்கள், இல்லை விரலைப் பார்ப்பார்கள். ஒன்றுமில்லாத சுவரைக்கூடப் பார்ப்பார்கள். இவர் மட்டும் ஆளைப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை நவீன் சொன்ன அமெரிக்கனைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வால்வு கெட்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், வால்வுக்குள் ஏதாவது தளர்ந்துவிட்டால் அது மைக் மாதிரி ஆகி, கெயினை ஏற்றியதும் கீச்சென்று கத்தும். முரளி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அது கத்த ஆரம்பித்தது. ஊசி மாதிரி சத்தம். நவீன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார். வீடியோவில் இருந்த துபாய்க்காரர்கூட முகத்தைச் சுளித்தார்.

முரளி வாசித்துக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் அவர் நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். கை நின்றது. தந்தியைப் பொத்தினார், கீச்சு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. "லைட்டா ஹம்மு வருது இல்ல?" என்றார்.

ஹம் என்பது அடியில் வரும் சத்தம். இது உச்சியில் வருவது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பிரசென்ஸ் குமிழைப் பார்த்தேன். உச்சத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைப்பது அது. முழுக்கத் திருகியிருந்தது. அவர் வாசித்த ஒவ்வொரு ஆம்பிலும் அது அப்படித்தான் இருந்தது என்பது அப்போது ஞாபகம் வந்தது. வண்டியில் நான் கேட்டதற்கு அவர் வேறெதையோ சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம், அதற்கு மேல் ராவெல்லாம் டிரம்ஸின் சிம்பல் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று பயிற்சி. மனிதருக்கு மேல்சத்தம் கேட்காமல் போயிருந்தது. அதனால்தான் கிடாரைத் தன் காதால் கேட்க முடியாமல் அடுத்தவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

என்ன செய்வது என்று யோசிக்க நேரம் இல்லை. நவீன் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார். "மச்சா, உனக்கு இது கேக்கலியா?" என்றார்.

நான் ஆம்பை அணைத்தேன். "அவர் நின்ன பக்கம் அடிக்காது. ஸ்பீக்கர் கேபினெட் உங்க பக்கமா திரும்பியிருக்கு. வால்வு போயிடுச்சு, மாத்தணும். இன்னைக்கு இத கேட்டு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. போயிட்டு வாங்க" என்றேன். பாதி உண்மை, பாதி பொய். அதைச் சொன்னதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

அன்று முரளியும் நானும் கடையிலிருந்தே ஒரே வண்டிக்கு வந்தோம். பங்காரப்பேட்டை தாண்டியதும் பெட்டியில் இடம் கிடைக்கும், சத்தமும் குறையும். அது வரை காத்திருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவரும் ஏதோ ஒரு ஆம்பை வாங்கியிருப்பார், முதலாளிக்கும் சந்தோஷம், வண்டியில் எனக்கும் துணை இருந்திருக்கும்.

"முரளி, அந்த கீச்சு உங்களுக்குக் கேக்கல, இல்லியா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, அவர் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னேன்.

"கேட்டுச்சே. நான்தான் ஹம்முன்னு சொன்னேனே."

"அது ஹம் இல்ல. ஒரு தரம் காத டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆம்ப் எங்கியும் போவாது."

"நீங்க இன்னா டாக்டரா?" என்றார். குரல் உயரவில்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது. "ஆம்ப் விக்கிற வேலைய பாருங்கக்கா. எனக்கு இன்னா கேக்குது, கேக்கலன்னு நீங்க சொல்லாதீங்க."

கோரமண்டலில் இறங்கினார். எப்போதும் இறங்கிய பிறகு ஜன்னல் பக்கம் வந்து, "பாத்து போங்கக்கா" என்பார். அன்று நேரே நடந்து போய்விட்டார். வண்டி ஊரிகம் தாண்டி என் ஸ்டேஷன் வரும் வரை பெட்டியில் நானும் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும்தான்.

திங்கட்கிழமை வழக்கம்போலப் பையைப் போட்டு இடம் வைத்தேன். ஒயிட்ஃபீல்டில் அவர் ஏறினார், ஆனால் பின்னால் வேறு பெட்டியில். பிளாட்பாரத்தில் பார்த்தேன். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டேன். யாரோ உட்கார்ந்தார்கள். உண்மையைச் சொல்லிவிட்டு வரும் தனிமை இருக்கிறதே, அதில் நம்மைத் தேற்ற ஒன்றும் கிடையாது. சரியாகத்தான் செய்தோமா என்றும் தெரியாது. எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் வந்து சொல்லப் போவதும் இல்லை. நீங்கள் இந்த வேலையில் இருக்கும் வரை ஓரிரு முறை அங்கே நிற்க வேண்டியிருக்கும். அதனால் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு நெருக்கடி. முரளி கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வாடகைக்கு ஆம்ப் எடுத்துப் பயிற்சி செய்தார்கள். எதை எடுத்தாலும் அவருடைய சத்தம் காதைக் குத்துகிறது என்று பையன்கள் சொல்ல, அவர் ஆம்பைக் குறை சொல்ல, வேறு ஆம்ப் எடுக்க, அதுவும் குத்த. நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் நவீன் நேராகக் கடைக்கு வந்தார். முதலாளியும் பக்கத்தில் நின்றார்.

"மேடம், உங்களுக்கு ஏதோ தெரியும்" என்றார் நவீன். "அன்னைக்கு வால்வுன்னு சொல்லி எங்கள அனுப்பிட்டீங்க. அவருக்கு காதுல ஏதாச்சும் பிராப்ளமா? சொல்லுங்க. இல்லன்னா நாங்க வேற ஆள பாக்கணும். கடைசி நேரத்துல தவிக்க முடியாது."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கெட்ட பையனும் இல்லை. நிகழ்ச்சி அவருக்கும்தான். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், தெரிந்ததைச் சொல்லி வியாபாரத்தை முடி என்பது இருந்தது.

"எந்த ஆம்ப்லயும் குறை இல்ல" என்றேன். "மத்தத முரளிகிட்ட கேளுங்க. அவர் சொல்ல வேண்டியத நான் சொல்ல முடியாது."

நவீன் போன பிறகு முதலாளி, "மூணு மாசமா வந்த கஸ்டமர். இப்படியா அனுப்புவீங்க?" என்றார். ஒருவருடைய உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக அது நம்முடையதாகிவிடாது. அதை அவரிடம் சொல்லலாம். அவரைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. முதலாளிக்காகவும் கூடாது, அவருடைய நன்மைக்காகவும் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். கேட் அருகே யாரோ நிற்பது தெரிந்தது. முரளி. உள்ளே வரச் சொன்னேன். வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நவீன் கடைக்கு வந்தானாமே."

"வந்தாரு."

"இன்னா சொன்னீங்க?"

"ஆம்ப்ல குறை இல்லன்னு சொன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பிறகு, "டாக்டர்கிட்ட போனேங்க்கா" என்றார். "ரூமுக்குள்ள உக்கார வெச்சு, சத்தம் கேட்டா பட்டன அமுக்குன்னாங்க. நான் அமுக்கிக்கினேதான் இருந்தேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. மெஷினு நின்னுபோச்சின்னு நெனச்சேன். கதவ தொறந்து, முடிஞ்சிதான்னு கேட்டேன். அந்த பொண்ணு, இல்ல சார், இன்னும் ஓடிக்கினுதான் கீதுன்னுச்சு."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"போனது போனதுதானாம். மிச்சத்த காப்பாத்திக்கோன்னாரு. காதுக்கு மெஷின் வெச்சிக்க சொல்றாரு." கையைத் தேய்த்துக்கொண்டார். "கிடார் கூட பரவால்லக்கா. வீட்ல பொண்ணு பேசுறது பாதி வெளங்கறதில்ல. மெல்லிசு கொரலு. இன்னொரு தரம் சொல்லும்மான்னு எத்தினி தரம் கேக்கறது? நான் சிரிச்சிக்கினே தலையாட்டிடுவேன். இப்ப அவ என்கிட்ட எதுவும் வந்து சொல்றதே இல்ல."

எழுந்து இருவருக்கும் சோறு போட்டேன். பிறகு சாப்பிட்டோம். அந்த மேசையில் இரண்டாவது தட்டை நான் வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுவாரம் கடை திறக்கும் நேரத்துக்கு அவரைத் தனியாக வரச் சொன்னேன். நண்பர்கள் வேண்டாம், வீடியோ கால் வேண்டாம். மூன்று ஆம்புகளை வைத்தேன். எது எந்த நாட்டுடையது, எத்தனை வாட் என்று சொல்லவில்லை. பிரசென்ஸ், மேல்சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள், இந்த இரண்டு குமிழையும் என் காதுக்கு அளவாக வைத்துவிட்டு, "இந்த ரெண்ட மட்டும் தொடாதீங்க. மத்தது உங்க இஷ்டம். உங்களுக்கு எது நல்லா கேக்குதோ அத வாசிங்க" என்றேன். அவருக்கு நடுச்சத்தம் முழுசாக இருந்தது. நடுவில் சதைப்பிடிப்பு உள்ள ஆம்ப் எதுவோ அது அவரிடம் பேசும் என்று நினைத்தேன்.

மூன்றாவதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யார் சிபாரிசிலும் இல்லாத ஐம்பது வாட் பெட்டி அது. நவீன் அதை ஒருமுறை 'கிழட்டு சவுண்ட்' என்று ஒதுக்கியிருந்தார். முரளி கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடித்துவிட்டு, "இது போதும்" என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"ஆனா மேடைக்கு மேடை ட்ரெபிளு மாறுமேக்கா. யாரு பாக்கறது?"

"பேண்டுல ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லணும்."

"வெளிய போட்டுடுவானுங்க."

"போட்டாலும் போடலாம்" என்றேன். அவர் கேட்க விரும்பியது அது இல்லை.

நவீனைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். பிரஜ்வலைக் கூப்பிட்டார். அந்தப் பையன் வந்ததும் நான் எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போய்விட்டேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முரளி பேசினார், பிரஜ்வல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஆம்பின் குமிழ்களைப் பார்த்தார். அங்கே பேசியது என்ன என்று, பழையபடி வண்டியில் என் பக்கத்தில் உட்காரத் தொடங்கிய பிறகு முரளி சொன்னார். "அவனுக்கும் காதுல உய்ங்னு கேட்டுக்கினே கீதாம்க்கா. டிரம்ஸ் அடிக்கிறவன் இல்ல? எவன்கிட்டயும் சொல்லாம வெச்சிக்கினு இருந்திருக்கான்." நவீன் சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேறு ஆளைத் தேடவில்லை.

முரளி காதுக்குக் கருவி வைத்துக்கொண்டார். முதல் வாரம் உலகமே தகர டப்பாவுக்குள் இருப்பதாகப் புலம்பினார். அப்புறம் ஒருநாள், "பொண்ணு பேசும்போது ஸ்ஸுன்னு காத்து போவுதுக்கா. முன்னாடி பல்லு ஒண்ணு இல்ல. எப்ப விழுந்துச்சுன்னே எனக்குத் தெர்ல" என்றார்.

நிகழ்ச்சிக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று தோன்றியிருக்காது, அதில் தவறும் இல்லை. நானே சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். முதல் பேண்ட் என்பதால் மத்தியான வெயிலில் வாசித்தார்கள். கூட்டம் அங்கங்கே. கறுப்பு பனியன் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் காட்டன் புடவையோடு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றேன். முரளி இரண்டு காதிலும் அடைப்பான் வைத்திருந்தார், பிரஜ்வலும்தான். முதல் பாட்டு முடிந்ததும் பிரஜ்வல் டிரம்ஸிலிருந்து எழுந்து வந்து, முரளியின் ஆம்பில் குமிழ் ஒன்றைத் துளி குறைத்துவிட்டுப் போனார். முரளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் என் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. எங்கேயும் குத்தவில்லை.

எனக்கு முன்னால் இரண்டு பையன்கள், அந்தக் கிடார்காரர் வைத்திருப்பது எந்த ஆம்ப் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சத்தியமாக அமெரிக்கன் என்றான். இன்னொருவன், ஆம்பே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் என்றான். அவர்களில் ஒருவன் திரும்பி என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, ஸ்பீக்கருக்கு நேரா நிக்காதீங்க, அந்தப் பக்கம் வாங்க" என்று இடம் விட்டான். நன்றி சொல்லி நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. முரளியின் தொழிற்சாலை ஓசூர் பக்கம் போனது. குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார். எப்போதாவது ஒரு மெசேஜ் வரும், பெண்ணின் பிறந்தநாள் படம், வாசித்த மேடைப் படம். நானும் ஓய்வு பெற்றேன்.

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எந்த வால்வு, எத்தனை வாட் என்பதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். பத்து பேரிடம் கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தால், பத்தில் எது சரி என்று பார்க்காதீர்கள். ஏன் பத்து பேரிடம் கேட்கிறார் என்று பாருங்கள். தெரிந்துவிட்டால் அவரிடம் சொல்லுங்கள், அவரிடம் மட்டும். அவருக்கு வேண்டியது கிடைத்த பிறகு, உங்களிடம் வர அவருக்குக் காரணம் இருக்காது. அதற்கும் தயாராக இருங்கள்.

அன்று மைதானத்தில் அவர்கள் வாசித்து முடித்ததும் பேண்டுக்காரர்கள் நான்கு பேரும் மேடைக்குப் பின்னால் தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பிடப் போவதைப் பார்த்தேன். கூப்பிடு தூரம்தான். வண்டிக்கு நேரமாகியிருந்தது, கிளம்பிவிட்டேன். நான் அங்கே நின்றிருந்தேன் என்பது முரளிக்கு இன்றுவரை தெரியாது.